கிட்னித் தழும்பும் வெள்ளை அணுக்களும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு பயாப்சி லேபில் டெக்னீஷியன். சிறுநீரகத்திலிருந்து ஊசி வழியாக எடுத்து வரும் நூல் போன்ற சதைத்துண்டை மெழுகில் பதித்து, இரண்டு மூன்று மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, சாயம் போட்டுத் தருவது என் வேலை. ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் ஜன்னலருகே நின்று இரண்டு சொற்களைக் காட்டிக் கேட்பார்கள்: "ஃபைப்ரோசிஸ்", "இன்ஃப்ளமேட்டரி செல்ஸ்". முதலாவது தழும்பு. இரண்டாவது, திசுவுக்குள் வந்து கூடியிருக்கும் வெள்ளை அணுக்கள். இரண்டுக்கும் என்ன உறவு என்பதுதான் எல்லாருடைய குழப்பமும். எங்கள் டாக்டர்களைத் துளைத்தெடுத்துக் கேட்டதையும் நானே படித்ததையும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன். மருந்தை நிறுத்துவது, மாற்றுவது எல்லாம் உங்கள் டாக்டரிடம்.

1. அடி எதுவும் படலையே, கிட்னிக்குள்ள எப்படிங்க தழும்பு வரும்?

தழும்பு தோலுக்கு மட்டும் உரியது இல்லை. கல்லீரல், நுரையீரல், இதயம், சிறுநீரகம் எல்லாமே காயத்தை அடைக்க ஒரே சாந்தைத்தான் பூசுகின்றன. அது கொலாஜன் என்ற நார்ப்புரதம். சிறுநீரகத்துக்குக் காயம் என்றால் வெட்டோ குத்தோ தேவையில்லை. பல வருடச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கல் அடைத்த சிறுநீர்ப் பாதை, ஒத்துக்கொள்ளாத மாத்திரை, உடம்பு தனக்கே எதிராகத் தயாரித்த ஆன்டிபாடி, எதுவாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொன்றுக்கும் தலையில் குளோமருலஸ் என்ற வடிகட்டிப் பந்து, அதிலிருந்து நீளும் ஒரு நுண்குழல். இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிக்கின்றன. வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேன் கணக்கில் ஒன்பது கேன்! அதில் ஒன்றரை லிட்டர் போல சிறுநீராகப் போக, மீதி எல்லாவற்றையும் குழல்கள் உறிஞ்சி ரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. அந்த வேலைக்காகத்தான் குழல்களும் ரத்த நுண்நாளங்களும் முதுகோடு முதுகு ஒட்டி நெருக்கமாக இருக்கின்றன. அந்த இடுக்கில் நார் நிரம்பினால் குழல் ஒரு பக்கம், நாளம் ஒரு பக்கம் என்று விலகிப்போகும். மேசன் ட்ரைக்ரோம் என்ற சாயத்தில் நார் நீலமாகத் தெரியும். நல்ல துண்டில் நீலம் கோல இழை போல ஓடும். கெட்ட துண்டில் குளம் கட்டி நிற்கும்.

2. ரிப்போர்ட்ல "ஐஎஃப்டிஏ 40 சதவீதம்"னு இருக்கு. அப்ப 60 சதவீதம் கிட்னி நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

அப்படி நேராகக் கழித்துப் பார்க்க முடியாது. அந்த 40 சதவீதம், ஊசியில் வந்த துண்டில் சிறுநீரகத்தின் வெளிப்பகுதியாக (கார்டெக்ஸ்) இருக்கும் இடத்தில் தழும்பும் சுருங்கிய குழல்களும் சேர்ந்து பிடித்திருக்கும் இடத்தின் அளவு. பத்து லட்சம் நெஃப்ரான்களில் எங்கள் கைக்கு வருவது பத்து, இருபது குளோமருலஸ்தான். தழும்பு திட்டுத்திட்டாக வரக்கூடியது. ஒரு திட்டின் நடுவே ஊசி போயிருக்கலாம், பக்கத்தில் தப்பியும் போயிருக்கலாம்.

ஆனாலும் இந்த எண்ணை டாக்டர்கள் முதலில் தேடுவதற்குக் காரணம் உண்டு. நோய் வடிகட்டியில் ஆரம்பித்திருந்தாலும், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பது வடிகட்டியின் சேதத்தைவிடக் குழல் பகுதியின் சேதத்தோடுதான் அதிகம் ஒத்துப்போகிறது. லண்டன் மருத்துவர்கள் 1968இலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்.

3. வெள்ளை அணு கிருமியைக் கொல்றதுதானே? கிருமியே இல்லாத கிட்னில அதுக்கென்ன வேலை?

இந்தக் கேள்விக்கான பதில் ஒரு ரோஜா முள்ளில் இருக்கிறது. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் இல்யா மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விலங்கியலாளர், கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் சின்ன முட்களைச் செருகி வைத்தார். மறுநாள் பார்த்தால் நகரும் செல்கள் முள்ளைச் சுற்றி மொய்த்து நின்றன. மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கி செல்களின் கதை அங்கேதான் தொடங்கியது. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அங்கே முள் கிருமி இல்லை பாருங்கள். "இந்த இடத்தில் ஏதோ சரியில்லை" என்பதே அவற்றுக்குப் போதுமான அழைப்பு.

சிறுநீரகத்தில் அழைப்பு விடுப்பது பெரும்பாலும் குழல் செல்களே. அடிபட்ட செல், சாகும் செல், ஆக்சிஜன் கிடைக்காமல் திணறும் செல் எல்லாம் எம்சிபி-1 போன்ற ரசாயனச் செய்திகளை வெளியே விடுகின்றன. ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் அந்த வாசனையைப் பிடித்து உள்ளே இறங்குகின்றன. ஆகவே தகட்டில் வெள்ளை அணு நிறைந்திருந்தால் நான் முதலில் நினைப்பது, "யார் கூப்பிட்டது?" என்பதைத்தான். கீழே வரும் முக்கால்வாசிப் பதில்கள் இந்த ஒரு கேள்விக்கே திரும்பி வரும்.

4. என் ப்ளட் டெஸ்ட்ல வெள்ளை அணு நார்மல்தானே வந்துச்சு?

ரத்தப் பரிசோதனை சாலையில் போகிறவர்களை எண்ணுகிறது. வீட்டுக்குள் புகுந்து உட்கார்ந்தவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். சிறுநீர் ரிப்போர்ட்டில் "பஸ் செல்ஸ்" என்று வருவதும் வெள்ளை அணுக்கள்தான், ஆனால் அது பெரும்பாலும் சிறுநீர்ப் பாதைத் தொற்றைக் காட்டுகிறது. உள்ளே இடுக்கில் இருப்பவர்களைத் தெளிவாகப் பார்க்க இன்றைக்கும் பயாப்சிதான் வழி.

5. இந்த மேக்ரோஃபேஜ் நல்லதா, கெட்டதா? ஒருத்தர் காப்பாத்துதுங்கறாரு, ஒருத்தர் அதுதான் வில்லங்கறாரு.

இரண்டு பேரும் சரி. எந்த நாளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதுதான் வித்தியாசம். எலியின் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை அரைமணி நேரம் போலக் கவ்வி நிறுத்திவிட்டுத் திறந்துவிடும் சோதனை ஒன்று உண்டு. திறந்த சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் வந்துவிடும். பின்னாலேயே மோனோசைட்டுகள் வந்து மேக்ரோஃபேஜாக மாறும். இந்த ஆரம்பக் கட்டத்தில் மேக்ரோஃபேஜ்களை மருந்து கொடுத்து அகற்றினால் சிறுநீரகச் சேதம் குறைகிறது. அதே மருந்தைச் சில நாள் தள்ளிக் கொடுத்தால் குழல்கள் ஆறுவது தாமதப்படுகிறது. முதல் நாள் உடைத்துப் போட்ட அதே வகைச் செல்தான் நான்காம் ஐந்தாம் நாளில் குப்பை அள்ளி, புதுச் செல் வளர ஊக்கம் கொடுக்கிறது.

சரி, வில்லன் எப்போது? காயம் ஆறாமல் நீளும்போது. எலியின் ஒரு பக்கச் சிறுநீர்க்குழாயைக் கட்டிவிட்டால் அழுத்தம் இறங்கவே இறங்காது. ஓரிரு வாரத்தில் அந்தச் சிறுநீரகம் நாராகிவிடும். அங்கே பழுதுபார்க்க வந்த மேக்ரோஃபேஜ்கள் போகாமல் தங்கி, டிஜிஎஃப்-பீட்டா போன்ற "பூசு, இன்னும் பூசு" என்ற உத்தரவுகளை விட்டுக்கொண்டே இருக்கின்றன. புத்தகங்களில் எம்1 தாக்குவது, எம்2 ஆற்றுவது என்று இரண்டு பெட்டியாகப் பிரித்திருப்பார்கள். மனப்பாடம் செய்ய வசதி, அவ்வளவுதான். உண்மையான திசுவில் இரண்டுக்கும் நடுவே பல சாயல்கள் இருக்கின்றன. அதிலும், ஆற்றும் வகை என்று பெயர் வாங்கியதுதான் நீண்டநாள் தங்கினால் தழும்புக்கு அதிகம் துணை போகிறது.

6. அப்ப தழும்பைப் போடுறதே வெள்ளை அணுதானா?

இல்லை. மேக்ரோஃபேஜ் மேஸ்திரி என்றால் கொத்தனார் வேறு ஆள். அவர் பெயர் மயோஃபைப்ரோபிளாஸ்ட். நார் நெய்யும் செல்லுக்குத் தசை போலச் சுருங்கும் குணமும் சேர்ந்தால் அது. ஆறும் புண்களில் இதை ஜூலியோ கபியானி குழுவினர் 1971இல் விவரித்தார்கள். சிறுநீரகத்தில் இவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதில் பல வருடம் சண்டை நடந்தது. குழல் செல்களே உருமாறி வருகின்றன என்று ஒரு கட்சி, வெள்ளை அணுக்களிலிருந்து என்று இன்னொரு கட்சி. மனிதச் சிறுநீரகச் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்து, ஜெர்மனியின் ஆஹன் நகர ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட முடிவின்படி பெரும்பாலானோர் உள்ளூர்க்காரர்கள். நுண்நாளங்களை அணைத்தபடி இருக்கும் பெரிசைட்டுகளும் அக்கம்பக்கத்தில் நார் நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்டுகளும்தான்.

இதில் ஒரு கொடுமை இருக்கிறது. பெரிசைட் நாளத்தைத் தாங்கிப் பிடித்திருந்த செல். அது பூச்சு வேலைக்குக் கிளம்பிவிட்டால் நாளம் மெலிந்து மறைகிறது. பக்கத்துக் குழலுக்கு ஆக்சிஜன் குறைகிறது. திணறும் குழல் மறுபடி அழைப்பு விடுகிறது, மறுபடி வெள்ளை அணு வருகிறது. முதல் காரணம் விலகிய பிறகும் சில சிறுநீரகங்கள் தொடர்ந்து சரிவதற்கு இந்தச் சுற்று ஒரு பெரிய காரணம்.

7. டி செல், பி செல்னு யூடியூப்ல சொல்றாங்களே, அதுங்க?

அவையும் இருக்கின்றன. டி செல்களில் சில வகை, குறிப்பாக டிஎச்17, அழற்சியைத் தூண்டிவிடும். டி-ரெக் என்ற வகை "போதும், கலைந்து போங்கள்" என்று அடக்கும். பி செல்லும் அதன் வாரிசான பிளாஸ்மா செல்லும் ஆன்டிபாடி தயாரிக்கும். வயதான எலிகளில் சிறுநீரகம் அடிபட்டால் டி, பி செல்கள் கூடி உள்ளேயே குட்டி நிணநீர் முடிச்சு போலக் குடித்தனம் போட்டுவிடுவதைக் கியோட்டோ பல்கலைக்கழகத்தினர் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கூட்டம் கலையாததால் பழுதும் முடிவதில்லை. இளம் எலிகளில் இது அவ்வளவாக நடப்பதில்லை.

8. எனக்கு வெறும் சுகர்தான். லூபஸ் மாதிரி இம்யூன் நோயெல்லாம் இல்லை. எனக்கும் இதே கதையா?

முடிவு அதேதான், ஆரம்பம் வேறு. லூபஸ், ஐஜிஏ நெஃப்ரோபதி (ஐஜிஏ என்ற ஆன்டிபாடி வடிகட்டியில் படியும் நோய்), ஆன்கா வாஸ்குலைட்டிஸ் (ரத்த நுண்நாளங்களில் அழற்சி வரும் நோய்) போன்றவற்றில் எதிர்ப்புச் சக்தியே தீயை மூட்டுகிறது. சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் தீ வேறு எங்கோ பிடிக்கிறது, வெள்ளை அணுக்கள் பின்னால் வந்து சேர்கின்றன.

நடுவே பாலமாக இருப்பது சிறுநீரில் ஒழுகும் புரதம். வடிகட்டி ஓட்டையானால் அல்புமின் குழலுக்குள் இறங்குகிறது. குழல் செல்கள் அதை வாரி விழுங்கித் திணறி, 3ஆம் கேள்வியில் சொன்ன அதே எம்சிபி-1 அழைப்பை விடுகின்றன. ஆகவே புரத ஒழுக்கு நோயின் அடையாளம் மட்டும் இல்லை, அதுவே நோயைத் தள்ளவும் செய்கிறது. சிறுநீர் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் (கிராமுக்கு மில்லிகிராம் கணக்கில்) 30க்குள் இருந்தால் நல்லது, 300ஐத் தாண்டினால் கடுமை. ரத்தக் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) நார்மல் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இந்தப் பரிசோதனையையும் கேட்டு எடுங்கள். நெஃப்ரான்களில் கணிசமான பங்கு போன பிறகுதான் கிரியேட்டினின் ஏற ஆரம்பிக்கும்.

9. அப்ப ஸ்டீராய்டு போட்டு வெள்ளை அணுவை அடக்கிட்டா தழும்பே வராதே?

லேப் ஜன்னலில் நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். வெள்ளை அணுவே தீ மூட்டும் நோய்களில் ஆமாம், அடக்கித்தான் ஆக வேண்டும். கடுமையான லூபஸில் ஸ்டீராய்டோடு மைக்கோஃபீனோலேட், சைக்ளோஃபாஸ்ஃபமைடு போன்றவை சிறுநீரகத்தைக் காப்பாற்றுகின்றன. வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக், வயிற்றுப் புண்ணுக்கான ஓமெப்ரஸோல் வகை மாத்திரைகள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் டி செல்கள் திடீரென்று குழலிடுக்கில் பாய்வதுண்டு. அங்கே முதல் வேலை அந்த மாத்திரையை நிறுத்துவது. தேவைப்பட்டால் ஸ்டீராய்டு, அதுவும் சீக்கிரம். சில வாரம் தாமதித்தாலே நீலம் படர ஆரம்பித்துவிடும்.

ஐஜிஏ நெஃப்ரோபதியில்தான் இழுபறி. ஜெர்மனியில் நடந்து 2015இல் வெளியான ஸ்டாப்-ஐஜிஏஎன் சோதனையில், ரத்த அழுத்தம், புரத ஒழுக்கு இவற்றை நன்றாகக் கட்டுப்படுத்திய பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தையும் சேர்த்தார்கள். மூன்று வருடத்தில் சிறுநீரகச் சரிவு குறையவில்லை, தொற்றுகள் கூடின. இந்தியாவும் பங்கெடுத்த டெஸ்டிங் சோதனையில் முழு அளவு ஸ்டீராய்டு கடுமையான தொற்றுகளைக் கொண்டுவந்ததால் நடுவில் நிறுத்தி, அளவைக் குறைத்து, தொற்றுத் தடுப்பு மாத்திரையும் சேர்த்துத் தொடர்ந்தார்கள். 2022இல் வந்த முடிவு: சரிவு குறைகிறது, ஆனால் பக்க விளைவுக்கான விலையும் உண்டு. ஆளைப் பார்த்து, பயாப்சியைப் பார்த்துத்தான் முடிவு.

சர்க்கரையால் வந்த தழும்புக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சர்க்கரை எகிறும். கூப்பிடுகிறவனை விட்டுவிட்டு வந்தவனை அடிக்கிற கதை. அப்புறம், தழும்பு மட்டும் மிஞ்சி செல்கள் கிளம்பிவிட்ட சிறுநீரகத்தில் அடக்குவதற்கே ஆள் இல்லை.

10. பிபி மாத்திரை, சுகர் மாத்திரைதான் எழுதித் தர்றாங்க. தழும்புக்குன்னு ஒரு மருந்தும் இல்லையா?

அந்த மாத்திரைகளைக் குறைத்து எடை போடாதீர்கள். லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் வகையறா தடுப்பது ஆஞ்சியோடென்சினின் வேலையை. அந்த ஆஞ்சியோடென்சின் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதோடு நிற்பதில்லை, டிஜிஎஃப்-பீட்டாவையும் தூண்டிவிடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் வடிகட்டியின் மேல் இருக்கும் அழுத்தத்தை இறக்குகின்றன. 2020இல் வந்த டாபா-சிகேடி சோதனையில் சர்க்கரை நோய் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் அது பலன் தந்தது. சர்க்கரையோடு புரத ஒழுக்கும் உள்ளவர்களுக்கு ஃபினெரினோன் அதே வருடம் பலன் காட்டியது. எல்லாமே மூலத்தில் அழைப்பைக் குறைக்கும் வேலை. ஆரம்பித்த முதல் வாரங்களில் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறலாம். பயந்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் எண்ணைக் காட்டுங்கள்.

நேரடியாகத் தழும்பையே குறிவைத்தும் பார்த்தார்கள். டிஜிஎஃப்-பீட்டாவைப் பிடித்துக் கட்டும் ஆன்டிபாடி ஒன்றைச் சர்க்கரைச் சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்த சோதனை, பலன் தெரியாததால் பாதியில் முடிக்கப்பட்டது. எலியில் அழகாக வேலை செய்த விஷயம்! எலிக்குக் காயம் ஒரு வாரத்தில், நமக்கு இருபது வருடத்தில். டிஜிஎஃப்-பீட்டாவுக்கு அழற்சியை அடக்கும் நல்ல முகமும் உண்டு என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

11. இம்யூனிட்டி பூஸ்டர் கஷாயம் குடிக்கலாமா?

வேண்டாம். நாள்பட்ட சிறுநீரக நோயில் எதிர்ப்புச் சக்தி ஒரே நேரத்தில் கொதிக்கவும் செய்கிறது, நோஞ்சானாகவும் இருக்கிறது. உள்ளே அழற்சி ஓயாது, ஆனால் தடுப்பூசிக்குச் சரியாக எழும்பாது. அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசியை வழக்கமான 20க்குப் பதில் 40 மைக்ரோகிராமாகப் போடுகிறார்கள். "ஏற்று", "இறக்கு" என்ற ஒற்றைத் திருகு இங்கே கிடையாது. எதிர்ப்புச் சக்திக்கு எதையாவது செய்ய வேண்டும் என்றால் டாக்டர் சொல்லும் தடுப்பூசிகளை விடாமல் போடுங்கள்.

12. மூலிகைதானே, கிட்னிக்கு என்ன கெடுதல்?

ஒரு மூலிகையைப் பெயர் சொல்லியே எச்சரிக்கிறேன்: ஆடுதீண்டாப்பாளை. ஆடுகூடத் தொடாது என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். அது அரிஸ்டோலோகியா குடும்பம். அதே குடும்பத்தின் ஒரு சீன மூலிகை, உடல் மெலிய வைக்கும் மாத்திரையில் தவறுதலாகக் கலந்து பெல்ஜியத்தில் இளம் பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1993இல் பிரசல்ஸ் டாக்டர்கள் அதை வெளியே கொண்டுவந்தார்கள். அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் கொண்டுவரும்.

இந்த நோயின் தகடுகள் இந்தப் பக்கத்தில் நான் சொன்ன கதைக்கே கொஞ்சம் முரண்டு பிடிப்பவை. தழும்பு ஏராளம், வெள்ளை அணு சொற்பம். விஷம் குழல் செல்லின் டிஎன்ஏவிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடிபட்ட செல்களே கொத்தனாரை அழைத்துவிடுகின்றன, நடுவில் மேஸ்திரிக்கு அதிக வேலை இல்லை. எல்லாத் தழும்புக்கும் வெள்ளை அணுவையே குற்றவாளி ஆக்க முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இது.

13. மாமாவைக் கண்ணாடி விரியன் கடிச்சு டயாலிசிஸ் வரைக்கும் போய் நல்லாயிட்டாரு. இன்னும் எதுக்கு செக்கப்?

கிரியேட்டினின் இறங்கிவிட்டால் காயம் முழுதாக ஆறிவிட்டது என்று சொல்ல முடியாது. 5இல் சொன்ன இரண்டாம் கட்டம் ஒழுங்காக முடிந்தால் குழல்கள் புதிதாக முளைத்துவிடும். சில செல்கள் பாதி ஆறிய நிலையில் சிக்கி, இரண்டாகப் பிரிந்து பெருகவும் முடியாமல் சாகவும் முடியாமல் அழைப்பு மட்டும் விட்டுக்கொண்டிருக்கும். திடீர்ச் செயலிழப்பிலிருந்து மீண்டவர்களுக்குப் பின்னாளில் நாள்பட்ட நோய் வரும் வாய்ப்பு கூடுவது இதனால்தான். மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடா வருடம் கிரியேட்டினின், சிறுநீர்ப் புரதம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூட்டு வலிக்கு மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்குவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

14. சுகரும் இல்லை, பிபியும் இல்லை. வயல் வேலை செய்யறவங்களுக்கு ஏன் வருது?

இலங்கையின் வடமத்திய மாகாண நெல் விவசாயிகள், ஆந்திராவின் உத்தானம் பகுதி, நிகராகுவா, எல் சால்வடாரின் கரும்பு வெட்டுபவர்கள் என்று பல இடங்களில் பார்த்த நோய் இது. பயாப்சியில் வடிகட்டிகள் ஓரளவு தப்பியிருக்க, குழலிடுக்கில்தான் தழும்பும் லிம்போசைட்டுகளும் (டி, பி செல் வகை வெள்ளை அணுக்கள்) இருக்கும். சிறுநீரில் புரதம் அதிகம் இராது, அதனால் தாமதமாகத்தான் தெரியவரும். வெயிலும் நீரிழப்பும், பூச்சிமருந்து, குடிநீர் என்று சந்தேகப் பட்டியல் நீளம். ஒரே காரணம் என்று எதுவும் நிறுவப்படவில்லை.

15. மாற்று கிட்னி வெச்சுட்டா இந்தத் தொல்லையெல்லாம் முடிஞ்சுடுமா?

புதுச் சிறுநீரகத்தை டி செல்கள் அந்நியன் என்று பார்க்கும். அதனால்தான் ஆயுள் முழுக்க மாத்திரை. மாத்திரையை விட்டுவிட்டால் நிராகரிப்பு வந்து தழும்பில் முடியும். டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் இரண்டும் டி செல்லை அடக்கிக் காப்பாற்றுகின்றன. அதே மருந்துகள் அளவு மீறினாலோ நீண்டநாள் ஆனாலோ தாமே சிறுநீரகத்தில் வரிவரியாகத் தழும்பு போடும். ரத்தத்தில் மருந்து அளவை அடிக்கடி பார்ப்பது இந்த இரண்டுக்கும் நடுவே நடப்பதற்காகத்தான்.

16. ஒரு தடவை விழுந்த தழும்பு கரையவே கரையாதா?

நெடுநாள் வரை "கரையாது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1998இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் எட்டுப் பேரின் பயாப்சிகளை வெளியிட்டார்கள். எல்லாரும் டைப் 1 சர்க்கரை நோயாளிகள். கணைய மாற்று அறுவை செய்து, சர்க்கரை முற்றிலும் சரியானவர்கள். ஐந்தாம் வருடம் எடுத்த பயாப்சியில் முன்னேற்றம் ஒன்றும் இல்லை. பத்தாம் வருடம் பார்த்தால் தடித்துப் போயிருந்த வடிகட்டிச் சவ்வுகள் பலருக்குப் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. குழலிடுக்கில் சேர்ந்த கொலாஜனும் குறைந்திருப்பதை 2006இல் காட்டினார்கள். கொலாஜனைக் கரைக்கும் நொதிகள் நம் உடம்பிலேயே உண்டு, மேக்ரோஃபேஜ்களே அவற்றைச் சுரக்கும். ஆனால் சேதம் நிற்க வேண்டும், வருடங்கள் வேண்டும், கரைந்த இடத்தில் நெஃப்ரான் மிச்சம் இருக்க வேண்டும். முழுதாக அழிந்த நெஃப்ரான் மனிதரில் புதிதாக முளைப்பதில்லை.

அந்த எட்டுப் பேரிலும் வடிகட்டி சீரான அளவுக்குச் சிறுநீரகத்தின் மொத்த வேலைத்திறன் ஏறவில்லை, குறையத்தான் செய்தது. கணையத்தைக் காப்பாற்ற அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது சைக்ளோஸ்போரின்.